க்ராஷ் பேட்: கம்பனிகளைப் பார்த்துப் படியுங்கள், குசன் கடையில் தைப்பியுங்கள்

கயிறு கட்டாமல், விழுந்தாலும் எழும்பி நடக்கக்கூடிய உயரத்துக்குள் கல்லேறுவதைத்தான் போல்டரிங் என்கிறோம். இதில் ஏறி முடிக்கிற தடவைகளை விட விழுகிற தடவைகள்தான் கூட, அதனால் சப்பாத்துக்கு முதலே யோசிக்க வேண்டியது கீழே விரிக்கிற மெத்தையை, அதாவது க்ராஷ் பேட்டை. கிழக்கிலங்கையில் பொத்துவில், பாணமைப் பக்கம் கல்லைக் கண்டு ஆசைப்பட்டு யூடியூப் பார்த்துப் பழகத் தொடங்கின பொடியன்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கம்பனிப் பேட் நல்லது, வெளிநாட்டில் இருந்து அதை எப்படி எடுப்பிக்கிறது? எடுப்பிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். கம்பனிகள் என்ன செய்கின்றன என்று நன்றாகப் பாருங்கள், பார்த்துவிட்டு காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஆட்டோ சீற்றும் சோபாவும் தைக்கிற ஒரு குசன் கடைக்குப் போங்கள். ஒரேயொரு நிபந்தனை, உள்ளே போடுகிற ஃபோமில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

எடுப்பிப்பதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். பேட் பாரம் குறைந்த சாமான், ஆனால் இடத்தை அடைக்கிற சாமான். 4 அடிக்கு 3 அடி வருகிற சாதாரண பேட் 5, 6 கிலோதான் இருக்கும். விமானக் கூரியர்களோ நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து, வருவதைக் கிலோவாக எடுத்து, நிறையை விட அது கூட என்றால் அதற்குத்தான் காசு கேட்பார்கள். இரண்டாக மடித்த பேட்டை 90, 60, 25 என்று வைத்துப் பாருங்கள், 27 கிலோ வருகிறது. ஆறு கிலோச் சாமானுக்கு இருபத்தேழு கிலோவின் கூலி, அதற்கு மேலே சுங்க வரி. லீவுக்கு வருகிற மாமா கொண்டுவருவார் என்றாலும் சரிவராது, பெரும்பாலான விமானங்களில் ஒரு பொதியின் மூன்று பக்கமும் சேர்ந்து 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், இது 175. மாமாவிடம் சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதைத்தான் இங்கே தைக்க முடியாது.

கம்பனிகளிடம் எதைப் பார்ப்பது

பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபொன்தென்ப்ளோ காட்டில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கல்லேறுகிறார்கள், அந்தக் காலத்தில் கீழே கிடந்தது சப்பாத்து துடைக்கிற சின்னப் பாய் மட்டும்தான். அமெரிக்காவிலும் பழைய மெத்தை, கம்பளத் துண்டு என்று கிடைத்ததைத்தான் விரித்தார்கள். க்ராஷ் பேட் என்று தனியாகச் செய்து விற்கத் தொடங்கியது 1990களில். கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட் மாதிரி இந்தக் கையடக்கப் பேட்டுக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட சோதனை முத்திரை இல்லை, சர்வதேச மலையேற்றச் சம்மேளனத்தின் யூஐஏஏ முத்திரையைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். ஆகவே கம்பனிகளை வேறுபடுத்துவது ஃபோம், அதை அடுக்குகிற விதம், உறைத்துணி, மடிக்கிற விதம், இவ்வளவுதான், நாமும் இந்த நாலையும்தான் பார்க்கிறோம்.

மடிப்பில் இருந்து தொடங்கலாம். ஒரு வகையில் பேட் நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்து, துணியால் கீல் மாதிரி இணைந்திருக்கும். புத்தகம் போல மூடலாம், தட்டையாகப் படுக்கும், ஆனால் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது, குதிக்கால் சரியாக அதற்குள் போனால் கணுக்கால் போச்சு. இன்னொரு வகையில் முழுத்துண்டு ஃபோமையே வளைத்துக் கட்டுவார்கள். பள்ளம் இல்லை, ஆனால் வளைத்தே வைத்திருந்தால் நடு ஃபோம் சீக்கிரம் தளர்ந்துவிடும், விரித்தாலும் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்தின் மெட்டோலியஸ் கம்பனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: ஃபோமை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, ஒரு பாதி மற்றப் பாதியின் மேல் சாய்ந்து படுக்கும்படி செய்கிறார்கள், பள்ளம் மூடிக்கொள்கிறது. குசன்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இல்லை, கத்தியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து வெட்டச் சொன்னால் போதும்.

பென்சில்வேனியாவில் இருக்கிற ஒர்கானிக் க்ளைம்பிங் தடித்த பலிஸ்டிக் நைலோன் உறைக்குப் பேர்போனது. வெட்டி மிஞ்சின துணித் துண்டுகளை நிறம் நிறமாக ஒட்டுப்போட்டுத்தான் மேல்பக்கத்தைத் தைப்பார்கள், அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பிளாக் டயமண்ட் கம்பனியின் மொண்டோ என்கிற பேட், ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய அளவு, பாரமும் அதற்கேற்ற மாதிரி. கலிபோர்னியாவின் மேட் ராக் கம்பனி "ஆர் 3" என்று ஒரு பேட் வைத்திருக்கிறது, அதில் முழு ஃபோம் கிடையாது, துருவிய கழிவு ஃபோமை அறை அறையாகப் பிரித்து அடைத்திருக்கும். இது நமக்கு ரொம்பப் பிரயோசனமான யோசனை, குசன் கடையின் பின்பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கிடப்பது அந்தக் கழிவுதானே. முதல் பேட் தைத்துக் கையில் வந்த பிறகு, இரண்டாவதை இப்படிச் செய்து பார்க்கலாம், ஆனால் அறைகளைச் சின்னதாகத் தையுங்கள், பெரிதாக விட்டால் நாலு விழுதலில் ஃபோம் எல்லாம் மூலைக்கு ஒதுங்கிவிடும். பிரான்சின் பெட்ஸல், செக் நாட்டு ஓகுன், இங்கிலாந்தின் கல்லேறுகிற பென் மூன் ஷெஃபீல்டில் தொடங்கின மூன், இவர்களும் பெரிய ஆட்கள்தான், ஆனால் நாம் தைக்கப் போகிற பேட்டுக்கு இவர்களிடம் இருந்து புதிதாக எடுக்க ஒன்றும் இல்லை.

ஃபோம்தான் பேட்

3 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற ஆள், தரைக்கு வரும்போது மணிக்கு 27 கிலோமீற்றரைத் தாண்டின வேகத்தில் வருகிறார். அந்த வேகம் முழுவதையும் நாலைந்து அங்குலத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதுதான் பேட்டின் வேலை. ஒரே வகை ஃபோமால் இது முடியாது என்பதால் எல்லாக் கம்பனியும் குறைந்தது இரண்டு வகையை அடுக்குகிறது. மேலே ஓர் அங்குலம் அளவுக்கு, காற்று நுழையாத இறுக்கமான ஃபோம், ஈவிஏ அல்லது பொலிஎதிலீன். அதற்குக் கீழே மூன்று நாலு அங்குலத்துக்கு, காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிற பொலியூரிதேன் ஸ்பொஞ்ச். மேல்தட்டு அடியைப் பரப்பிக் கொடுக்கும், குதிக்கால் ஒரு புள்ளியில் புதைந்து கணுக்கால் திரும்பாமல் காக்கும். கீழ்த்தட்டு காற்றை மெல்ல விட்டு அமர்ந்து வேகத்தை எடுக்கும். இதைத் தலைகீழாகப் போட்டால், மென்மை மேலே வந்து, கட்டிலில் குதிக்கிற மாதிரிக் கால் புதைந்து திரும்பிவிடும். குசன்காரர் பழக்கதோசத்தில் மெதுவானதைத்தான் மேலே போடுவார், ஏனென்றால் அவர் இருக்கிறவருக்கு ஆசனம் தைத்துப் பழகினவர், ஆகவே இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். நிலத்தோடு இருந்தபடி தொடங்குகிற தாழ்ந்த ஏற்றங்களுக்கு மட்டும் பேட்டைப் பிரட்டிப் போட்டால் முதுகுக்கும் இடுப்புக்கும் சுகம்.

மேல்தட்டுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். கராத்தே வகுப்பில் விரிக்கிற, பல்லுப்பல்லாக ஒன்றோடொன்று பூட்டுகிற ஈவிஏ மாட் இருக்கிறதே, 1 மீற்றர் சதுரம், அதில் 25 மில்லிமீற்றர் தடிப்பு. நம்முடைய பேட்டின் ஒவ்வொரு பாதியும் 3 அடிக்கு 2 அடி, ஆக ஒரு மாட்டில் பல்லை வெட்டி எறிந்துவிட்டு ஒரு பாதியை முழுசாக எடுக்கலாம், ஒட்டுப் போடத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கிற மெல்லிய மாட்டை அடுக்கி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது அமுங்கி அப்படியே நின்றுவிடும்.

கீழ்த்தட்டில்தான் ஏமாறுகிற இடம். கடையில் எதைத் தொட்டாலும் "ஹை டென்சிட்டி" என்பார்கள். டென்சிட்டி என்றால் ஒரு கனமீற்றர் ஃபோமின் நிறை, அதைத் தராசில் போட்டுப் பார்த்துவிடலாம். 4 அடிக்கு 3 அடி, 3 அங்குலத் தடிப்புத் துண்டு ஒன்று 32 டென்சிட்டி என்றால் 2.7 கிலோ நிற்க வேண்டும், 40 என்றால் 3.4 கிலோ. 2 கிலோதான் நிற்கிறது என்றால் அது 24, தலையணைக்குப் போதும். "நானா, ஒருக்கா நிறுத்துப் பாப்பமா" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், கோபிக்க மாட்டார். ஆனால் நிறை மட்டும் சாட்சி ஆகாது, மலிவு ஃபோமில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து நிறையைக் கூட்டுகிற வேலையும் இருக்கிறது. அதனால் அடுத்த சோதனை முழங்கால். ஃபோமைச் சீமெந்துத் தரையில் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றி முழுப்பாரத்தையும் கொடுங்கள். தரை முட்டினால் வேண்டாம். முட்டவில்லை என்றால் எழும்பிப் பாருங்கள், குழி உடனே நிறைய வேண்டும், துண்டைக் கிள்ளினால் தூள் உதிரக் கூடாது.

வேறு சிலதையும் கடைக்காரர் காட்டுவார். இறப்பர் பாலில் செய்கிற லேட்டக்ஸ் மெத்தை நம் நாட்டுக்கே பேர் வாங்கித் தந்த சாமான், படுக்க அருமை, ஆனால் வாங்கின வேகத்தைத் திருப்பித் தருகிறது, விழுந்தவரைப் பேட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிடும். தும்பு மெத்தை கல்லு, நனைந்தால் மணக்கும். பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைக்கிற வெள்ளை றெஜிஃபோம் ஒரு விழுதலில் உடையும். ஸ்பிரிங் மெத்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கழிவு ஃபோமை அமத்தி ஒட்டின ரீபொண்ட் பலகை பாரம் என்றாலும் இறுக்கமானது, ஓர் அங்குலம் கிடைத்தால் நடுவில் வைக்கலாம், தனியாக அதையே போடுவது சரியில்லை.

தைப்பிக்கிற வேலை

கடைக்குள் போனதும் "மலையேற மெத்தை" என்று தொடங்காதீர்கள், பிறகு அரை நாள் கதை சொல்ல வேண்டிவரும். "என்ன தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கா" என்று கேட்பார். "பள்ளிக்கூட விளையாட்டுக்கு, பாய்ந்து விழுகிற மெத்தை" என்றால் உயரம் பாய்தல் மெத்தை அவருக்கு ஞாபகம் வரும், வேலை சுருக்கு. ஃபோமின் விலையையும் தையல் கூலியையும் தனித்தனியாகப் பேசுங்கள், மொத்தமாகப் பேசினால் குறைக்கிற காசு ஃபோமில்தான் குறையும்.

ஆட்டோ சீற்றுக்குப் போடுகிற றெக்சீனில் முழு உறையும் தைத்துவிடலாம் என்பதுதான் அவருடைய முதல் யோசனையாக இருக்கும். வேண்டாம். றெக்சீனால் காற்றுப் போகாது, ஸ்பொஞ்ச் அமர வேண்டும் என்றால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வேண்டும், வழி இல்லாவிட்டால் பேட் வீங்கித் துள்ளும், கடைசியில் தையல் வெடிக்கும். அடிப்பக்கத்துக்கு மட்டும் லொறித் தறப்பாள் போடுங்கள், ஈரமும் முள்ளும் ஏறாது. மேல்பக்கத்துக்கு ஸ்கூல் பேக் தைக்கிற தடித்த நைலோன் அல்லது கன்வஸ். நாலு பக்கச் சுவரிலும் தறப்பாளுக்குப் போடுகிற பித்தளைக் கண்ணிகளை வரிசையாக அடிக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு பக்கச் சுவருக்கு வலைத்துணி வையுங்கள். உறையை ஃபோமை விட அரை அங்குலம் சிறிதாக வெட்டினால்தான் இறுக்கமாக நிற்கும், இது குசன்காரருக்கு நம்மை விட நன்றாகத் தெரியும், அதில் தலையிட வேண்டாம். ஒரு நீளப் பக்கம் முழுவதும் திறக்க வேண்டும், அகல வெல்க்ரோ போட்டு மேலே ஒரு மடல் வைத்தால் போதும், மலிவு சிப் மணல் பட்டவுடன் கடிக்கும்.

நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, வெயிலிலும் ஈரத்திலும் உக்கிவிடும், பொலியெஸ்டர் அல்லது நைலோன்தான். தோள்பட்டிக்குப் பழைய வாகனம் உடைக்கிற இடத்தில் சீற் பெல்ட் வாங்குங்கள், அதை விட உறுதியான பட்டி கிடைக்காது. பட்டி உறையில் சேருகிற இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் அடையாளமும் வருகிற மாதிரித் தைக்க வேண்டும், உள்பக்கம் ஒரு தறப்பாள் துண்டை வைத்து. மெசின் ஊசி ஏறாவிட்டால், வலை பொத்துகிற நைலோன் நூலும் சாக்கூசியும் எடுத்துக் கையாலேயே நாலு தையல் போடுங்கள், கல்லடி, வாழைச்சேனைப் பக்கத்தில் அந்த நூல் இல்லாத வீடு குறைவு. கொளுக்கி உலோகத்தில், பிளாஸ்ரிக் கொளுக்கி ஒரு கச்சான் காற்றுக் காலம் தாண்டாது. பக்கத்தில் இரண்டு கைபிடி, பேட்டை இழுத்து நகர்த்த. ஃபோம் தட்டுகளை ஒட்ட வேண்டும் என்றால் சொலூஷனை ஓரத்தில் மட்டும் பூசச் சொல்லுங்கள், முழுதாகப் பூசினால் காய்ந்து நடுவில் ஒரு தகடு மாதிரி இறுகிவிடும்.

பேட் கையில் வந்ததும் நேரே கல்லுக்குப் போகாதீர்கள். வீட்டு மதிலில் இருந்து குதித்துப் பாருங்கள், முதலில் இடுப்பளவு, அப்புறம் நெஞ்சளவு, அப்புறம் தலையளவு. நடுவில், ஓரத்தில், கீல் இருக்கிற இடத்தில் என்று மூன்றிலும் விழுந்து பார்க்க வேண்டும். குதிக்காலுக்குத் தரை தட்டுப்பட்டால் கீழ்த்தட்டு போதாது, உறையைத் திறந்து ஓர் அங்குலம் கூட்டுங்கள், அதற்காகத்தான் வெல்க்ரோ.

எங்கே விரிக்கலாம், எங்கே கூடாது

இந்தப் பக்கத்துக் கல் பெரும்பாலும், புவியியலாளர் விஜயன் தொகுதி என்கிற பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த பழைய நைஸ் (gneiss) பாறை, உருண்டு திரண்டு, பிடி குறைந்து, உராய்வை நம்பி ஏறுகிற வகை. ஆனால் அழகான கல்லில் பாதிக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், கோயிலோ, விகாரையோ, தொல்பொருள் திணைக்களமோ. தாந்தாமலை, உகந்தை, ராஜகல, குடும்பிகல எதிலும் பேட் விரிக்கிற எண்ணமே வேண்டாம். வேறு எங்கேயாவது காட்டுக்குள் குகை வாயில் மழைநீர் உள்ளே வடியாமல் இருக்க விளிம்பு வெட்டியிருந்தாலோ, பழைய எழுத்து இருந்தாலோ, பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் விட்டுவிட்டு வாருங்கள், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், கை வழுக்காமல் நாம் பூசுகிற சோக் தூளின் கறை அந்த எழுத்தில் படிவது இன்னொரு பக்கம். வயல் நடுவில், மேய்ச்சல் தரையில் நிற்கிற கல்தான் நமக்கு வாய்ப்பு. காணிக்காரரைக் கண்டு கேளுங்கள், சொல்லாமல் போனால் பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு புதையல் தோண்ட வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்.

பேட்டை முதுகில் கட்டினால் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது, காதும் பாதிதான் கேட்கும். பாணமை வீதிப் பக்கமோ யானை நடமாட்டம் இருக்கிற வேறு எங்கேயோ இருட்டோடு போவதும் இருட்டி வருவதும் கூடாது. தொங்கு பாறையின் அடியில் மலைத்தேன் கூடு இருக்கிறதா என்று பேட்டை விரிக்க முதல் அண்ணாந்து பாருங்கள். மோட்டார்சைக்கிளில் பின்னுக்கு இருப்பவர் பேட்டை அகலவாக்கில் பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் ஏறினால் கச்சான் காற்று இரண்டு பேரையும் கரைக்குத் தள்ளிவிடும், நெடுக்காகக் கட்டுங்கள், அல்லது ஆட்டோ.

விரிக்கும்போது முதலில் நிலத்தைச் சரிபாருங்கள், முட்டுகிற சின்னக் கல்லை எடுத்து, பள்ளத்துக்குச் சருகோ மணலோ போட்டு மட்டப்படுத்தி, அதன் பிறகுதான் பேட். தொடங்குகிற இடத்தில் போடாதீர்கள், எந்தப் பிடியில் கை நழுவுமோ அந்தப் பிடிக்குக் கீழே, உடம்பு வீசப்படுகிற பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரண்டு பேட் இருந்தால் இடைவெளி விடாமல், இரண்டும் சேருகிற கோட்டின் மேல் பழைய ஈவிஏ மாட் ஒன்றைப் போர்த்துவிடுங்கள். கீழே நிற்கிற கூட்டாளியின் வேலை உங்களைத் தாங்கிப் பிடிப்பது கிடையாது, இடுப்பைத் தள்ளிக் கால் பேட்டின் மேல் வரப்பண்ணுவதும் தலை கல்லில் அடிக்காமல் பார்ப்பதும்தான்.

பாதுகாக்கிற விசயத்தில் நம் ஊருக்கென்று சில தொல்லைகள். வெயில் ஈவிஏயைச் சுருக்கும், தகரக் கூரைக்குக் கீழேயும் பூட்டின வாகனத்துக்குள்ளேயும் பேட்டை விட்டுவைக்காதீர்கள். நனைந்தால் ஃபோமை வெளியே எடுத்து நிழலில் நிமிர்த்தி வையுங்கள், உறையை மட்டும் வெயிலில் போடலாம். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உறையை நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு கொளுக்கியைத் தின்னும். கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரைக்கும் கல் காயாது, அந்த மாதங்களில் பட்டியைக் கட்டாமல், விரித்தபடி, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். கறையான் தறப்பாளை விட்டாலும் எலி ஸ்பொஞ்சை விடாது, குட்டி போட அதற்கு அதை விட வசதியான இடம் வீட்டில் இல்லை. மழை விட்டதும் அதே முழங்கால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், நடுப்பகுதிதான் முதலில் சாகும், அப்போது கீழ்த்தட்டை மட்டும் மாற்றினால் போதும், கழற்றின ஸ்பொஞ்சைத் துண்டாக வெட்டி அறை பிரித்து அடைத்தால் மேலே சொன்ன இரண்டாவது பேட்டுக்கு ஆயிற்று.